இருபத்திரண்டு கிராம்

ஏப்ரல் 9, புதன்

எனக்கு எளிதில் கோபம் வராது. முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தியவளிடம் பொறுமையைத் தவிர வேறென்ன மிஞ்சியிருக்கும்? ஆனால் இன்று ஞானப்பூ போனில், "ஏழு கிலோன்னு வச்சிக்கிடுவமே உலகு" என்றபோது பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

ஐந்து கிலோ. முதுகுப் பை, தண்ணீர் நீங்கலாக ஐந்து. ஜனவரியிலேயே சொல்லியாயிற்று. கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி வரை கடலோரமாகப் பன்னிரண்டு நாள் நடை. மே வெயிலுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். அது மூன்று கிலோ, அதில் பேரம் கிடையாது. பேரமெல்லாம் மற்றதில்தான். உதாரணத்துக்கு, சோப்பு. முழு சோப்பு நூறு கிராம். பன்னிரண்டு நாளில் ஒருத்தி தேய்த்துத் தீர்ப்பது இருபது கிராம். மீதி எண்பது கிராமை எதற்குத் தூத்துக்குடிக்கு ஊர்வலம் கூட்டிப்போகவேண்டும்?

எங்களுக்கு இது பன்னிரண்டாவது கோடை. பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர், அவள் வரலாற்று டீச்சர். முழு ஆண்டு லீவில் நடக்க ஆரம்பித்தோம். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. இப்போது டிசம்பர் குளிரில் நடந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனாலும் மே வந்தால்தான் இருவருக்கும் கால் அரிக்கிறது.

தராசுக்குப் புது பேட்டரி போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பை கவிழ்க்கும் நாள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒருத்தி பையை இன்னொருத்தி கட்டிலில் கவிழ்த்துப்போட்டு, வேண்டாததை எடுத்துவிடவேண்டும். சொந்தக்காரி வாய் திறக்கக்கூடாது. இதுதான் எங்கள் சட்டம். என் பையை அவள் எட்டிப் பார்த்து "சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவாள். அவள் பையைக் கவிழ்க்கத்தான் எனக்கு அரை நாள் ஆகும்.

கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்தாள். கொட்டினேன். பூத்துவாலை 410 கிராம். எடுத்துவிட்டு ஈரிழைத் துண்டு வைத்தேன், 120. எவர்சில்வர் டம்ளர் இரண்டு. எதற்கு இரண்டு என்றேன். "யாராவது வந்தா?" என்றாள். கடற்கரையில் யார் விருந்துக்கு வரப்போகிறார்கள்? பனையோலையில் கட்டிய கருப்பட்டி, 240 கிராம். "சர்க்கரை வியாதிக்காரிக்குக் கருப்பட்டி என்னத்துக்குட்டி?" என்றேன். "தலை கிறுகிறுன்னு வந்தா வாயில போடத்தான். டாக்டர் இனிப்பு வச்சிக்கிடச் சொன்னாரு" என்றாள். கடலோரம் முழுக்க ஊர்களும் டீக்கடைகளும் இருக்கின்றன. எடுத்துவிட்டேன்.

பிறகு மாத்திரை. சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, காலையில் இரண்டையும் போடுவாள். அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு ஒரு செங்கல் மாதிரி கொண்டுவந்திருந்தாள். பதினான்கு நாளைக்கு எண்ணி எல்லாவற்றையும் பிதுக்கியெடுத்து ஒரே டப்பாவில் போட்டேன். 38 கிராம் மிச்சம்.

"ரெண்டும் வெள்ளையாட்டுல்லா இருக்கு" என்றாள்.

"சர்க்கரை மாத்திரையில நடுவுல கோடு இருக்கு, பாரு."

உதாரணம் சொன்னேன். என் வகுப்பில் மீனா, மாலா என்று இரட்டைப் பிள்ளைகள் படித்தார்கள். ஒருத்திக்குப் புருவத்தில் தழும்பு. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் மாற்றிக் கூப்பிட்டதில்லை. பார்க்கத் தெரிந்தால் போதும்.

கடைசியாக மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் உள்ளதைப் படிக்க இருவருக்கும் ஒரே பவர். என்னுடையது ஒன்று போதும், மாற்றிமாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அவளுடையதை எடுத்துவிட்டேன். 22 கிராம், கூடு தனியாக 60.

இந்த முறை சட்டப்படி அவள் வாய் திறக்கவில்லை. சின்னப் புதிய ஏற்பாட்டை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். 95 கிராம். விட்டுக்கொடுத்தேன். நானும் மனுஷிதானே.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் பலகாரத்தோடு வந்தாள். பையைத் தூக்கிப் பார்த்தேன், 5 கிலோ 300. என்னத்தை உள்ளே திணித்தாய் என்று கேட்டால், "காத்து ஏறியிருக்கும்" என்கிறாள். அடியில் அந்த டம்ளர். ஒன்றுதான். பெரிய தியாகம்.

ஏப்ரல் 30, புதன்

அவள் பை 4 கிலோ 960. என் பை 4 கிலோ 710.

மே 2, வெள்ளி

கன்னியாகுமரியில் விடியுமுன் கிளம்பினோம். ஒன்பதரை மணிவரை நடை, பிறகு நிழல், நான்கு மணிக்கு மறுபடி நடை. மணல் கெட்டியாக இருந்தது. பை முதுகில் இருப்பதே தெரியவில்லை. ஞானப்பூவும் அதையே சொன்னாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "கருப்பட்டி இருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

மே 4, ஞாயிறு

கூடங்குளத்தில் கரையோரமாகப் போக விடமாட்டார்கள், தார் ரோட்டில் சுற்றவேண்டும். அதற்காகவே சீக்கிரம் கிளம்பலாம் என்று நேற்றே சொல்லியிருந்தேன். வழியில் ஒரு மாதா கோயிலில் பூசை. "உங்க சபை இல்லையே இது" என்றேன். "சாமி ஒண்ணுதான்ட்டி" என்று உள்ளே போய்விட்டாள். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு அந்தத் தார் ரோட்டு வெயிலை இருவரும்தான் தின்றோம்.

இதைத் தவிரத் தினமும் காலையில் ஐந்து நிமிடம் மாத்திரைக்குப் போகிறது. "கண்ணாடியைத் தா" என்று வாங்கி, டப்பாவை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். நான் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பன்னிரண்டு நாளைக்கு ஐந்து ஐந்து நிமிடமென்றால் ஒரு மணி நேரம். சொன்னேன். "கணக்கு டீச்சர்னா சும்மாவா" என்று சிரிக்கிறாள்.

மே 5, திங்கள், உவரி

முந்தாநாள் துவைத்த காலுறையை அவள் பையிலிருந்து எடுத்துத் தரப்போனேன். உள்ளே கருப்பட்டி. கால் பங்குத் துண்டு, பாலிதீன் தாளில் சுற்றி வைத்திருக்கிறாள். நான்கு நாளாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுமந்திருக்கிறாள்.

அறுபது கிராம்தான். கிராம் இல்லை பிரச்சினை. சட்டம் என்று ஒன்று வைத்தால் இருவருக்கும் அது சட்டம். உதாரணத்துக்கு, பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளை ஒரே ஒரு வரி காப்பி அடித்தால், ஒரு வரிதானே என்று விடுவோமா?

தங்கியிருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் கண்முன்னாலேயே உடைத்துக் கொடுத்தேன்.

"நீ டீச்சராட்டே சாவப்போற உலகு" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை.

மே 6, செவ்வாய்

எழுத நேரமில்லை. ஞானப்பூ திருச்செந்தூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

மே 7, புதன்

பிழைத்துக்கொண்டாள். நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் திரித்துச் சொல்லக்கூடாது.

காலை நான்கரைக்கு எழுந்தோம். பேசவில்லை. நான் பையை மாட்டிக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டேன். அவள் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "உலகு" என்று ஒருமுறை கூப்பிட்டாள். திரும்பவில்லை. எல்லாரும் எப்போதாவது கோபித்துக்கொள்வதுதான்.

ஆறரை மணிவரை பின்னால் வந்துகொண்டுதான் இருந்தாள், முந்நூறு அடி தள்ளி. வழியில் டீக்கடை வந்தது. நான் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. ஏழு மணிக்குத் திரும்பிப் பார்த்தபோது மணலில் உட்கார்ந்திருந்தாள். என்னை வரவைப்பதற்காக வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நானும் ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் இருக்கும். யார் முதலில் எழுகிறார்கள் பார்ப்போம் என்றிருந்தேன்.

அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

ஓடினேன். அறுபத்து நான்கு வயதில் மணலில் ஓடினேன். புடவையெல்லாம் வேர்வை. "ஞானம், ஞானம்" என்றால் குழறுகிறாள். என்னைப் பார்த்து, "பெல் அடிச்சிட்டா?" என்றாள். என் பையில் சத்துமாவு, உப்புப்பொடி, புளிக்காய்ச்சல் இருந்தன. இனிப்பு ஒரு துளி இல்லை. அவள் பையிலும் இல்லை.

மீன் கூடையோடு ஒரு அம்மாள் வந்தாள். பெயர் சூசையம்மாள் என்று பிறகு தெரிந்தது. ஒரே பார்வையில், "இது சீனி கொறைஞ்ச மயக்கம்லா. எங்க வீட்டுக்காரருக்கும் வரும்" என்று மடியிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்துக் கடித்துப் பொடியாக்கி ஞானப்பூவின் கன்னத்துக்குள் தடவினாள். தடவிக்கொண்டே என்னை ஏசினாள். "ஏம்மா, இந்த வயசுல ரெண்டு பொம்பளைங்க வெயில்ல நடக்கிய. ஒரு துண்டு இனிப்பு கொண்டாரத் தெரியாதா? படிச்சவங்க மாரி இருக்கிய."

அந்நிய ஆளிடம் பேசுகிற பேச்சா இது? எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அவள்தான் மீன் வண்டியை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "சர்க்கரை மாத்திரை கூடுதலா போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? மாத்திரை போட்டவள் அவள்.

மே 8, வியாழன்

ஞானப்பூவின் மகள் ஷீபா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். என்னிடம் படித்தவள்தான். கணக்கில் எப்போதும் அவசரக்காரி.

"மாத்திரை அட்டை எங்கம்மா?" என்று கேட்டாள்.

"டப்பாவுல போட்டுவச்சேன்" என்றாள் ஞானப்பூ.

"யாரு போட்டது?"

"நான்தான்."

நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். ஞானப்பூ என்னைப் பார்க்கவேயில்லை.

ஷீபா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். "டீச்சர், ரெண்டு வெள்ளை மாத்திரையை யாராவது ஒரே டப்பாவுல போடுவாங்களா? அம்மாவுக்கு ஞாபகம் தப்புது. எனக்குப் போன வருஷமே சந்தேகம். ஒரு தடவை கேஸை அணைக்காம போயிட்டாங்க. முந்தாநேத்துக் காலையில என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒண்ணுமே தெரியலைங்கறாங்க. பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன். மூளை டாக்டர்கிட்ட டைம் வாங்கியிருக்கேன், இருபதாம் தேதி."

"வீடு?"

"பூட்டிட வேண்டியதுதான். இனிமே தனியா விடமுடியாது. நடையெல்லாம் மறந்துருங்க டீச்சர்."

மறந்துவிட வேண்டுமாம். எட்டாம் வகுப்பில் மைனஸ் குறியை மறக்காதே என்று நூறு முறை இவளிடம் சொன்னவள் நான். கேஸை ஒருமுறை அணைக்காத தாயை அறைக்குள் பூட்டுவதென்றால், தமிழ்நாட்டில் யாரை வெளியே விடுவது?

இதை மனதுக்குள்தான் சொன்னேன். டப்பா என் பையில் இருந்தது. மீன் வண்டியில் ஏறும்போது ஞானப்பூவின் சாமான்களை அள்ளி என் பையில் போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மே 10, சனி

வீட்டுக்கு வந்தேன். பையைக் காயப்போட்டேன். தராசை அலமாரியில் வைத்தேன். குழம்பு வைத்தேன், உப்புக் கூடிவிட்டது. கொட்டினேன்.

மே 11, ஞாயிறு

டப்பாவைத் திறந்து எண்ணினேன். வகைக்குப் பதினான்காகப் போட்டது. ஐந்து காலை போனால் இரண்டும் ஒன்பது ஒன்பது இருக்கவேண்டும்.

கோடு உள்ளவை எட்டு. கோடு இல்லாதவை பத்து.

இரண்டு முறை எண்ணினேன்.

மே 13, செவ்வாய்

இந்த மாத்திரை செய்கிறவர்களுக்கு அறிவு வேண்டாமா? ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு மஞ்சள் என்று நிறம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? குழந்தைகளுக்கு மிட்டாய் செய்கிறவனுக்கு இருக்கிற யோசனைகூட இல்லை. ஷீபாவை மட்டும் சும்மா விடலாமா? தாய்க்கு வருஷத்துக்கு இரண்டு முறை முகம் காட்டுகிறவள் நோயைக் கண்டுபிடித்துவிட்டாளாம். அந்த வழியில் வந்த முதல் டீக்கடைக்காரன் எங்களை ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்போம்.

ஞானப்பூவும்தான். கண்ணாடி இல்லாவிட்டால் ஓடிவந்து கேட்டிருக்கலாமே. ஒருமுறை கூப்பிட்டாளாம். ஒருமுறை கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும், அலைச் சத்தத்தில்?

எனக்குக் கேட்டது.

மே 14, புதன்

சட்டைப் பையில்தான் இருந்தது. நடக்கும்போது புடவைமேல் ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன், வெயிலுக்கு. அதன் பையில் கண்ணாடி காலடிக்குக் காலடி தட்டிக்கொண்டே வந்தது. எழுதிவிட்டேன். இனி இந்தப் பக்கத்தைக் கிழிக்கமுடியாது, மறுபக்கத்தில் மே 13 இருக்கிறது.

மே 16, வெள்ளி

ஞானப்பூ வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்தொன்பதாம் தேதி ரயில். காலையில் போன் செய்தாள்.

"உலகு, எனக்குக் கேள்வி கேளு."

"என்ன கேள்வி?"

"அந்த டாக்டர் ஏதோ பரீட்சை வப்பாராம்லா. நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லுவாராம். கணக்கு உனக்குத்தான தெரியும். கேளு."

"நூறு" என்றேன்.

"தொண்ணூத்தி மூணு. எம்பத்தாறு. எழுவத்தி ஒம்பது. எழுவத்திரெண்டு." முணுமுணுப்பாக எண்ணுவது கேட்டது. "உலகு, அறுவத்தஞ்சா, அறுவத்தி நாலா?"

"அறுபத்தஞ்சு."

"பயந்துட்டேன். ஆண்டெல்லாம் வருது பாத்துக்கோ. பானிபட்டு, பிளாசி, பக்சார், எல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். தொண்ணூத்தி நாலுல பத்தாங்கிளாஸ் பி பிரிவு அட்டெண்டன்ஸ் முழுசும் சொன்னேன். ஆனா அன்னைக்குக் காலையில என்ன செஞ்சேன்னு மட்டும் வர மாட்டேங்கு. பாத்துத்தான போட்டிருப்பேன்? தினமும் உன் கண்ணாடியை வாங்கிப் பாத்துத்தான போடுவேன்? அன்னைக்கும் பாத்திருப்பேன்லா. பாத்தும் மாத்திப் போட்டிருக்கேன்னா, ஷீபா சொல்லுதது சரிதான் போல."

மேஜையில் இருந்த மாத்திரை டப்பாவைத் திருப்பி வைத்தேன்.

"இன்னும் கேளு" என்றாள்.

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

மே 17, சனி

பத்து மணிக்குப் போனேன். கையில் டப்பா, கண்ணாடி. ஷீபா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய பெட்டி, சக்கரம் வைத்தது. அதில் ஞானப்பூவின் பூத்துவாலை, இரண்டு டம்ளர், எல்லாம் உள்ளே இருந்தன.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. வகுப்பில் நின்றுதான் எனக்குப் பேசவரும்.

"ஷீபா, அட்டையிலேருந்து மாத்திரையைப் பிதுக்கி ஒரே டப்பாவுல போட்டது நான். உங்கம்மா அப்பவே ரெண்டும் வெள்ளையா இருக்குன்னு சொன்னா. அவ கண்ணாடியை எடுத்துவச்சது நான். கருப்பட்டியை ரெண்டு தடவை புடுங்கினது நான். அன்னைக்குக் காலையில கண்ணாடி என் சட்டைப் பையில இருந்துச்சு. கூப்பிட்டா. நான் திரும்பலை. கண்ணாடி இல்லாம தடவிப் பாத்துப் போட்டிருக்கா. ரெண்டும் சர்க்கரை மாத்திரை ஆயிட்டு. இந்தா, எண்ணிப் பாரு. அவளுக்கு மறதி ஒண்ணும் இல்லை."

ஷீபா எண்ணினாள். பெட்டி மூடியைச் சாத்தினாள்.

ஞானப்பூ கேட்டாள். "அந்தக் கண்ணாடி எத்தனை கிராம்?"

"இருபத்திரண்டு."

"டப்பா விஷயம் எனக்கும் தெரியும். அதுக்காவத்தான் நான் பழியை ஏத்துக்கிட்டேன். உன் மேல சொன்னா இவ உன்கூட என்னை விடமாட்டான்னு. அதை விடு. கண்ணாடி உன்கிட்ட இருந்துச்சுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே." அவள் எழுந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "பதினோரு நாளு எனக்குப் புத்தி பேதலிச்சிட்டுன்னு நெனச்சிக்கிட்டுக் கிடந்தேன். பாத்ரூமுக்குள்ள போயி அட்டெண்டன்ஸ் ஒப்பிச்சேன்ட்டி. நேத்து உன்கிட்டயே கேள்வி கேக்கச் சொன்னேன். நீயும் கேட்ட. நூறுன்னு சொன்னல்ல?"

"சொன்னேன்."

"போ. என் கண்ணுல முழிக்காத."

உதாரணம் எதுவும் வரவில்லை. டம்ளரில் ஊற்றி வைத்த காப்பியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

அவர்கள் ரயிலேறவில்லை. மூளை டாக்டரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். ஷீபா மட்டும் போகிறாள். எதிர்வீட்டு லீலா சொல்லித்தான் தெரிந்தது.

மே 24, சனி

போன் இல்லை.

மே 29, வியாழன்

எனக்கும் கோபம் உண்டு. பன்னிரண்டு கோடை அவள் பையைக் கவிழ்த்தேன். என் பையை அவள் ஒருமுறை கவிழ்த்திருந்தால், உள்ளே எவ்வளவு கனமான பொம்பளை இருக்கிறாள் என்று அப்போதே பார்த்திருக்கலாம். "சரியாத்தான் இருக்கும்" என்று ஏன் விட்டாள்?

தராசைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். இது மூன்றாவது முறை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். தெருவில் புதுச் செருப்புச் சத்தம். எட்டு மணிக்கு வாசலில் கேட் திறந்தது. ஞானப்பூ. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அவள் கண்ணாடி தொங்குகிறது. கையில் பையைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்து என் நாற்காலியில் தொப்பென்று போட்டாள்.

"ரயில்வே கேட் வரைக்கும் நடக்கப்போறேன். வாரியா?"

"வாரேன்."

"அப்போ இதைத் தூக்கு. திறக்கக்கூடாது. வாயும் திறக்கக்கூடாது. இது என் சட்டம்."

மாட்டினேன். தோள்பட்டை இறங்கிவிட்டது. எவர்சில்வர் உரசும் சத்தம் கேட்டது. அதற்கு அடியில் ஏதோ செங்கல் மாதிரி முதுகில் இடித்தது.

அவள் முன்னால் நடந்தாள். நான் முந்நூறு அடி பின்னால். வெயில் ஏறிவிட்டது, கழுத்து நனைந்துவிட்டது. பாதி வழியில் மூச்சு வாங்கியது. "ஞானம்" என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

நின்றாள். திரும்பினாள். நான் வந்து சேரும்வரை அங்கேயே நின்றாள். பையை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

மறுபடி முன்னால் நடந்தாள், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

என் தோள் கணக்குக்கு அந்தப் பை ஒன்பது கிலோ இருக்கும். நிறுத்துப் பார்க்கவில்லை.